தங்கள் சர்க்கரையைத் தாங்களே அளந்த மருத்துவர்கள்

1920-ஆம் ஆண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டை அறுவை சிகிச்சை பழகிக்கொண்டிருந்தார் ராபின் லாரன்ஸ். 1892-ல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவராக இந்திய எல்லைப்புறம்வரை வந்து, வயிற்றுக் கடுப்போடு ஊர் திரும்பியவர். ஒருநாள் சடலம் ஒன்றில் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பை உளி வைத்துச் செதுக்கிப் பழகும்போது, ஒரு சில்லு தெறித்து வலது கண்ணில் விழுந்தது. கண்ணில் நோய்த்தொற்று. அவர் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே அவரை நோயாளியாகச் சேர்த்து, எல்லாருக்கும் செய்கிற பரிசோதனைகளை அவருக்கும் செய்தார்கள். சிறுநீரில் சர்க்கரை இருந்தது.

இன்று இந்தச் செய்தியைக் கேட்கிற குடும்பம் அழும், பிறகு தேறிக்கொள்ளும். 1920-ல் தேற வழியில்லை. இன்சுலின் கண்டுபிடிக்கப்படவில்லை. டைப் ஒன் நீரிழிவு வந்தவருக்கு மருத்துவம் என்று இருந்தது ஒன்றுதான்: பட்டினிக்குப் பக்கத்தில் நிறுத்தும் உணவுக் கட்டுப்பாடு. அது ஆயுளை மாதக் கணக்கில் நீட்டிக்கும், உடம்பை எலும்பும் தோலுமாக ஆக்கும். லாரன்ஸுக்குச் சொல்லப்பட்ட கெடு, அதிகம் போனால் நான்கு ஆண்டு. வலது கண் பார்வையும் சரியாகவில்லை. கத்தி பிடிக்கும் தொழில் போயிற்று.

அவர் மருத்துவத்தை விட்டுவிடவில்லை. அதே மருத்துவமனையின் ஆய்வகத்தில் ஜெஃப்ரி ஹாரிசன் என்ற வேதியியல் நிபுணரிடம் போய்ச் சேர்ந்தார். தன்னைக் கொன்றுகொண்டிருந்த நோயையே எடுத்து ஆய்வு செய்து எம்.டி. ஆய்வேடும் எழுதினார். உடம்பு தளர்ந்துகொண்டே போனது. வீட்டார் கண்ணெதிரே சாக மனமில்லாமல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்துக்குப் போய், அங்கே கிளினிக் வைத்தார். 1922-23 குளிர்காலத்தில் மார்ச்சளி பிடித்தது. சர்க்கரை ஏறியது. கால் நரம்புகள் செயலிழக்கத் தொடங்கின.

அப்போதுதான் ஹாரிசனிடமிருந்து தந்தி வந்தது. இன்சுலின் கைக்கு வந்துவிட்டது, வேலை செய்கிறது, சீக்கிரம் திரும்பி வா என்று. லாரன்ஸ் காரை எடுத்தார். சரியாக நடக்க முடியாத ஒருவர், ஒரு கண் பார்வை மங்கியவர், ஐரோப்பாவைக் குறுக்காகக் கடந்து காரோட்டிக்கொண்டு 1923 மே 28 அன்று லண்டன் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். மே 31-ல் முதல் ஊசி. அதற்குப் பிறகு 45 ஆண்டு உயிரோடு இருந்தார். திருமணம் செய்துகொண்டார், மூன்று மகன்களைப் பெற்றார், நாட்டின் பெரிய நீரிழிவு கிளினிக்குகளில் ஒன்றை அதே மருத்துவமனையில் கட்டி எழுப்பினார்.

இந்தக் கதையை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் ஊர் நீரிழிவு கிளினிக்குகளில் டாக்டர் அறைக்குள் அடிக்கடி எழுகிற கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் சுகர் வந்திருக்கும். நன்றாகப் படிப்பாள். நீட்டுக்குத் தயாராகிறேன் என்பாள். பெற்றோர் தயங்கித் தயங்கி, "இவ டாக்டருக்குப் படிக்கலாமுங்களா? நைட் டியூட்டி எல்லாம் இருக்குமே, உடம்பு தாங்குமா?" என்று கேட்பார்கள். சொந்தக்காரர்கள் அதற்குள் பதில் சொல்லியிருப்பார்கள்: எதுக்கு வம்பு, ஒரு பி.காம். படிக்க வை, பேங்க் வேலைக்குப் போகட்டும்.

படிக்கலாம். அதற்கும் மேலே ஒன்று உண்டு. இன்று உலகம் முழுக்க நீரிழிவுக்குப் பார்க்கிற வைத்தியத்தில் ஒரு பகுதி, அந்த நோயோடு வாழ்ந்த மருத்துவர்களின் உடம்பிலும் மேஜையிலும் உருவானது. அவர்கள் பி.காம். படிக்கப் போயிருந்தால் நோயாளிகள் எல்லாருக்கும் நஷ்டமாகியிருக்கும்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். நடுவயதில் வரும் சர்க்கரை வேறு, இது வேறு. டைப் ஒன்னில் உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகின்றன. இனிப்பு தின்றதால் வருவதல்ல, அம்மா கவனிக்காததால் வருவதுமல்ல. நன்றாக இருந்த குழந்தை குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், இரவில் படுக்கையை நனைக்கும், சில வாரங்களில் இளைத்துப் போகும். அன்றிலிருந்து வாழ்நாள் முழுக்க இன்சுலின் வெளியிலிருந்துதான் வர வேண்டும். குறைந்தால் சர்க்கரை ஏறி ரத்தம் அமிலமாகும். கூடினால் சர்க்கரை இறங்கி மூளைக்குத் தீனி இல்லாமல் போகும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு நாளும் கணக்குப் போட்டு நடக்க வேண்டும். இந்தியாவில் 20 வயதுக்குட்பட்டவர்களில் மட்டும் இரண்டேகால் லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இது இருப்பதாக 2021-ல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு கணக்கிட்டது.

இன்சுலினைக் கண்டுபிடித்த கதையில் எல்லாரும் பாண்டிங்கையும் பெஸ்ட்டையும் சொல்வார்கள். ஜோ கில்கிரிஸ்டைச் சொல்பவர்கள் குறைவு. டொரன்டோவில் பாண்டிங்கோடு ஒரே வகுப்பில் மருத்துவம் படித்தவர். படிப்பு முடித்த கையோடு நீரிழிவு வந்துவிட்டது. 1921 டிசம்பரில் பாண்டிங் தான் தயாரித்த கணையச் சாற்றை மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க நினைத்தபோது இந்த நண்பருக்குத்தான் வாய்வழியாகக் கொடுத்தார். பலிக்கவில்லை. 1922 ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு ஊசியாகப் போட்டு வெற்றி கண்ட பிறகு, அடுத்த மாதமே கில்கிரிஸ்ட் ஊசிக்குக் கை நீட்டினார்.

அதோடு நின்றுவிடவில்லை அவர். டொரன்டோவின் கிறிஸ்டி தெரு ராணுவ மருத்துவமனையில், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கான நீரிழிவு கிளினிக்கில் மருத்துவராக உட்கார்ந்தார். அந்த நாள் இன்சுலின் ஒவ்வொரு தொகுதியும் ஒவ்வொரு வீரியத்தில் இருக்கும். ஒரு குப்பி சாதுவாக இருக்கும், அடுத்தது ஆளைச் சாய்த்துவிடும். புதுத் தொகுதி வந்தால் முதலில் தன் உடம்பில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சிப்பாய்களுக்குக் கொடுத்தார். சர்க்கரை இறங்கும்போது முதலில் வியர்க்குமா, கை நடுங்குமா, மனம் குழம்புமா என்று மருத்துவ மொழியில் எழுதி வைக்க, அதை அனுபவிக்கிற ஒரு மருத்துவர் அங்கே இருந்தார். ஆரோக்கியமான மருத்துவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது.

பாஸ்டனில் ஜார்ஜ் மைனாட். ரத்த நோய் மருத்துவர். 1921 அக்டோபரில், 36 வயதை நெருங்கும்போது நீரிழிவு என்று தெரிந்தது. எலியட் ஜாஸ்லின் என்ற புகழ்பெற்ற நீரிழிவு மருத்துவர் அவரை உணவை நிறுத்துப் பார்த்துச் சாப்பிட வைத்து உயிரைப் பிடித்து வைத்திருந்தார். 1923 தொடக்கத்தில் இன்சுலின் கிடைத்தது. மைனாட் தன் சாப்பாட்டை நிறுத்துக்கொண்டே நோயாளிகளின் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார். அந்தக் காலத்தில் ஒருவகைக் கொடிய ரத்தசோகை இருந்தது, வந்தால் மரணம்தான். அதற்கு ஈரல் கொடுத்துப் பார்க்கலாம் என்று வில்லியம் மர்ஃபியோடு சேர்ந்து இறங்கினார். 1926-ல் 45 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். தினமும் கணிசமான அளவு ஈரல் தின்றவர்கள் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். ஈரலில் இருந்தது பி12 வைட்டமின் என்பது 1948-ல்தான் தெரிந்தது. 1934-ல் மைனாட், மர்ஃபி உட்பட மூவருக்கு நோபல் பரிசு. இன்சுலின் இரண்டு வருஷம் தாமதமாக வந்திருந்தால் இந்தக் கண்டுபிடிப்பு யார் கையில் எப்போது நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை பேர் போயிருப்பார்களோ.

லாரன்ஸிடம் திரும்புவோம், ஏனென்றால் அவர் செய்த வேலைதான் இன்றும் நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுவரை வருகிறது.

அந்த நாள் நோயாளி என்ன செய்ய வேண்டியிருந்தது என்று பார்த்தால் தலை சுற்றும். கண்ணாடி சிரிஞ்சையும் எஃகு ஊசியையும் வெந்நீரில் கொதிக்க வைக்க வேண்டும். மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்ட வேண்டும். சர்க்கரை பார்க்க ரத்தம் இல்லை, சிறுநீர்தான். பெனடிக்ட் கரைசலில் சில சொட்டுச் சிறுநீரை விட்டுக் காய்ச்சினால், நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் செங்கல் நிறத்துக்கு வந்தால் மோசம். இதற்கு நடுவே என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று பக்கம் பக்கமாக அட்டவணை. படித்தவர்களே தடுமாறினார்கள்.

லாரன்ஸ் இரண்டு நிறத்தில் முடித்தார். கறுப்பு, சிவப்பு. ஒரு கறுப்புப் பங்கு என்றால் 10 கிராம் மாவுச்சத்து உள்ள உணவு. ஒரு சிவப்புப் பங்கு என்றால் ஏழரை கிராம் புரதமும் 9 கிராம் கொழுப்பும் உள்ள உணவு. உனக்கு இந்த வேளைக்கு இத்தனை கறுப்பு, இத்தனை சிவப்பு. அது ரொட்டியாக இருக்கட்டும், உருளைக்கிழங்காக இருக்கட்டும், பழமாக இருக்கட்டும், உன் இஷ்டம். இன்று டைப் ஒன் பிள்ளைகளுக்கு "கார்ப் எண்ணுவது" என்று சொல்லிக் கொடுக்கிறோமே, அதே கணக்குத்தான். தினம் மூன்று வேளை தட்டின் முன்னால் உட்கார்ந்து தவித்தவருக்குத்தான் இந்தச் சுருக்கம் தோன்றும். 1925-ல் அவர் எழுதிய புத்தகம் மருத்துவர்களுக்கும் நோயாளிகளுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. நோயாளி தன் நோயைப் புரிந்துகொள்ளத் தகுதியானவர் என்று ஒரு மருத்துவர் அச்சில் ஒப்புக்கொண்டது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை.

அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். இருவரும் சேர்ந்து 1934-ல் நீரிழிவுக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். 'டயாபடிஸ் யு.கே.' என்று இன்றும் இயங்குவது அதுதான். 1950-ல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு உருவானபோது முதல் தலைவரும் லாரன்ஸ்தான்.

இனி ஒருவர், வாசலில் நின்று கதவைத் தட்டித் தட்டி அலுத்துப் போய், கடைசியில் மருத்துவராகவே ஆகி உள்ளே வந்தவர். அமெரிக்காவின் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன். 12 வயதில், 1946-ல், டைப் ஒன். படித்தது பொறியியல். முப்பது வயதைத் தாண்டும்போதே சிறுநீரில் புரதம் வர ஆரம்பித்துவிட்டது. சிறுநீரகம் கெடுவதற்கான அறிகுறி. 1969-ல் ஆய்வகக் கருவிகள் பற்றிய ஓர் இதழில் விளம்பரம் பார்த்தார். விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம், ஒரு பட்டை, ஒரு நிமிடம், சர்க்கரை அளவு. எதற்காக அந்தக் கருவி? இரவில் ஆய்வகம் மூடிய பிறகு, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு மயங்கிய நிலையில் கொண்டுவரப்படுபவர் குடித்திருக்கிறாரா, சர்க்கரையால் விழுந்தாரா என்று தெரிந்துகொள்வதற்காக. நோயாளிக்கு விற்க மாட்டார்கள். பெர்ன்ஸ்டைனின் மனைவி மனநல மருத்துவர். அவர் பெயரில் வாங்கினார். விலை 650 டாலர், எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

ஒரு நாளைக்கு ஐந்து முறை குத்திப் பார்க்க ஆரம்பித்தார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று கண்ட எண்கள் அவரைத் திடுக்கிட வைத்தன. பொறியாளர் அல்லவா, ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பார்ப்பது, எண் எப்படி நகர்கிறது என்று குறித்துக்கொள்வது என்று போனார். சாப்பாட்டில் மாவுச்சத்தைக் குறைத்தார், இன்சுலினைச் சிறு சிறு அளவாகப் பிரித்துப் போட்டுக்கொண்டார். சர்க்கரை சமநிலைக்கு வந்தது. வருஷங்கள் போகப் போகச் சிறுநீரில் புரதமும் நின்றது. நோயாளி வீட்டிலேயே சர்க்கரை பார்த்துக்கொண்டால் உறுப்புகள் கெடாமல் காக்கலாம் என்று கட்டுரை எழுதி மருத்துவ இதழ்களுக்கு அனுப்பினார். திருப்பி அனுப்பினார்கள். எழுதியவர் டாக்டர் இல்லையே.

சரி என்று, 1979-ல், 45 வயதில், நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவராகச் சேர்ந்தார். 1983-ல் மருத்துவராக வெளியே வந்தார். அவர் வற்புறுத்திய மிகக் குறைந்த மாவுச்சத்து உணவை எல்லா நீரிழிவு மருத்துவர்களும் ஏற்பதில்லை. இன்றும் அதில் வாதம் உண்டு. ஆனால் வீட்டில் சர்க்கரை பார்ப்பது? 1993-ல் 1,441 டைப் ஒன் நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு வந்தது. சர்க்கரையை அடிக்கடி அளந்து கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண் விழித்திரைக் கேடு 76 சதவீதம் குறைந்தது. பெர்ன்ஸ்டைன் 20 வருஷத்துக்கு முன்பே சொன்னது அது. அவர் 2025 ஏப்ரலில் 90 வயதில் காலமானார். டைப் ஒன்னோடு ஏறத்தாழ 79 ஆண்டு.

இன்று அமெரிக்காவின் முன்னணி நீரிழிவு மருத்துவர்களான ஸ்டீவன் எடல்மன், இர்ல் ஹிர்ஷ் இருவருமே சிறுவயதிலிருந்து டைப் ஒன் உள்ளவர்கள். மேடையேறிப் பேசும்போது அதை மறைப்பதுமில்லை.

நம் ஊருக்கு வருவோம். எம்.பி.பி.எஸ். சேர்க்கை விதிகளில் டைப் ஒன் இருந்தால் சேர்க்கக் கூடாது என்று இல்லை. புனேயில் உள்ள ராணுவ மருத்துவக் கல்லூரி மட்டும் விலக்கு. அங்கே படை உடல்தகுதி விதி பொருந்தும், நீரிழிவு இருந்தால் எடுக்க மாட்டார்கள். மற்றபடி கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் உள்ளே போன பிறகு கை பிடிக்க ஆளில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 நிலைகள் பட்டியலில் உள்ளன. தலசீமியா இருக்கிறது, ஹீமோஃபிலியா இருக்கிறது, டைப் ஒன் இல்லை. அதனால் சலுகை எதையும் உரிமையாகக் கேட்க முடியாது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இது ஊனமாகச் சட்டத்தின் கீழ் வருகிறது. சாப்பிட இடைவேளை, ஊசி போட இடம், டியூட்டி நேரத்தில் நியாயமான மாற்றம் ஆகியவற்றைத் தருவது வேலை கொடுப்பவரின் கடமை. இங்கே அதெல்லாம் துறைத்தலைவரின் மனசைப் பொறுத்தது.

சில நல்ல அறிகுறிகள் உண்டு. 2017-ல் சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு அறைக்குள் நீரிழிவு உள்ள மாணவர்கள் தின்பண்டம் கொண்டுபோக அனுமதித்தது. 2023-ல் தேசிய குழந்தைகள் உரிமை ஆணையம், வகுப்பில் சர்க்கரை பார்க்கவும் இன்சுலின் போடவும் பள்ளிகள் விட வேண்டும் என்று மாநிலங்களுக்கு எழுதியது. பள்ளிக்கூடம்வரை வந்த புத்தி மருத்துவக் கல்லூரிக்குள் போகவில்லை என்பதுதான் வேதனை. நோயைப் பற்றிப் பாடம் நடத்துகிற இடம் அது.

ஒரு ஹவுஸ் சர்ஜனின் இரவை நினைத்துப் பாருங்கள். பிரசவ வார்டு, மணி ஒன்று. எட்டு மணிக்குச் சாப்பிட வேண்டியவள் இப்போதுதான் உட்காருகிறாள். பொட்டலத்தில் நான்கு இட்லி. அதற்குத் தகுந்தபடி வேகமாக வேலை செய்யும் இன்சுலினை வயிற்றில் குத்திக்கொள்கிறாள். முதல் விள்ளலுக்கு முன்னால் ஆயா ஓடி வருகிறார்: ஒரு தாய்க்கு ரத்தப்போக்கு. இட்லி அப்படியே இருக்கிறது, இன்சுலின் உள்ளே போய்விட்டது. இருபது நிமிடம் கழித்து அவளுக்கு நெற்றி வியர்க்கிறது, விரல் நடுங்குகிறது. கையில் ஒட்டியிருக்கிற சென்சார் 68 என்கிறது, அம்பு கீழ்நோக்கி. சென்சார் தோலுக்கடியில் உள்ள திரவத்தை அளப்பது, ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கும். ஆகவே ரத்தத்தில் அதற்கும் கீழேதான் இருக்கும்.

இந்த இடத்தில் இரண்டு வழி இருக்கிறது. வார்டில் யாருக்கும் சொல்லாதவளாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள், ஆபத்து அவளுக்கும் நோயாளிக்கும். முன்பே சொல்லி வைத்தவளாக இருந்தால், "சிஸ்டர், எனக்கு லோ ஆகுது" என்பாள். "நீங்க போங்க டாக்டர், நான் பாத்துக்கறேன், டியூட்டி மேடத்தைக் கூப்பிட்டாச்சு" என்று பதில் வரும். கோட் பையில் குளுக்கோஸ் பாக்கெட். 15 கிராம் வாயில், கால் மணி நேரம் பொறுத்து மறுபடி பார்த்தால் 90. அந்த இட்லியையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து வேலையைத் தொடர்வாள்.

அனுபவப்பட்டவர்கள் இதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை எந்த ஷிஃப்டாக இருந்தாலும் தினம் ஒரே நேரத்தில் போடுவது. வேக இன்சுலினைத் தட்டு முன்னால் வந்து, முதல் வாய் உள்ளே போன பிறகு போடுவது. நீண்ட அறுவைக்குள் நுழையுமுன் சர்க்கரையைக் கொஞ்சம் மேலேயே வைத்துக்கொள்வது. தியேட்டரில் வெளிவேலை பார்க்கும் நர்ஸிடம் ஸ்ட்ரா போட்ட ஜூஸ் ஒன்றைக் கொடுத்து வைப்பது; கையுறை கழற்றாமலே முகக்கவசத்தைத் தூக்கிக் குடிக்க வைத்துவிடுவார்.

ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. பல ஆண்டுகள் ஆனவர்களில் சிலருக்குச் சர்க்கரை இறங்குவது உடம்புக்குத் தெரியாமலே போய்விடும். வியர்வையும் வராது, நடுக்கமும் வராது, நேராக மயக்கம். அப்படிப்பட்டவர் தனியாளாக அவசர அறுவைக்கு நிற்பது சரியில்லை, சென்சாரின் எச்சரிக்கை ஒலி இல்லாமல் நிற்கவே கூடாது. ஒரு சென்சார் இரண்டு வாரம்தான் உழைக்கும், விலை ஆயிரங்களில். உதவித்தொகையில் வாழும் பயிற்சி மருத்துவருக்கு அது கனமான செலவு. கல்லூரி நிர்வாகங்கள் ஏற்கக்கூடிய செலவுதான், மனம் வைத்தால்.

டியூட்டி நேரம் பற்றியும் பேச வேண்டும். பயிற்சி மருத்துவர்களின் தொடர் பணி சாதாரணமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே உத்தரவு போட்டது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வாரம் ஒருநாள் விடுப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. காகிதத்தில் இருக்கிறது. நடப்பில் 36 மணி நேரம் தொடர்ந்து நிற்கிற பி.ஜி. மாணவர்களை எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம். டைப் ஒன் உள்ளவருக்கு இது பலமடங்கு கஷ்டம் என்பது உண்மை. ஆனால் கணையம் நன்றாக இருப்பவரும் 30-ஆவது மணி நேரத்தில் தவறு செய்வார். ஒருவருக்காகச் சரிசெய்தால் எல்லாருக்கும் சரியாகிற விஷயம் இது. அதைச் செய்யாமல், "உன்னால முடியலன்னா ஏன் இந்தப் படிப்புக்கு வந்த?" என்று கேட்பது, முதுகலை வகுப்புகளில் இன்னும் ஓயாத கொடுமை.

அதனால்தான் பலர் மறைக்கிறார்கள். விடுதிக் கழிவறைக்குள் போய் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். பெண்பிள்ளை என்றால் வீட்டிலேயே சொல்லி அனுப்புகிறார்கள்: யார்கிட்டயும் சொல்லாதே, நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது வம்பு. இந்த ஒரு அறிவுரைதான் இந்த நோயில் உயிருக்கே உலை வைக்கக்கூடியது. இரவு மயங்கிக் கிடக்கும்போது பக்கத்துக் கட்டில் தோழிக்கு விஷயம் தெரிந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிகிற காரியம், தெரியாவிட்டால் விடிந்த பிறகுதான் கண்டுபிடிக்கப்படும்.

இதையும் சொல்ல வேண்டும். நீரிழிவு வார்டில் புதிதாகக் கண்டறியப்பட்ட எட்டு வயதுக் குழந்தை ஊசியைப் பார்த்து வீறிடும்போது, தன் சட்டையைக் கொஞ்சம் தூக்கி, "இதோ பாரு, அக்காவும் போட்டுக்கறேன்" என்று காட்டக்கூடிய டாக்டருக்கு ஈடு இல்லை. குழந்தையைவிட அம்மாவின் முகம்தான் முதலில் தெளியும். தன் மகளுக்கு எதிர்காலம் உண்டு என்பதற்கு அவர் கண்ணால் காண்கிற சாட்சி, வெள்ளைக் கோட்டோடு எதிரே நிற்கிறதே.

டைப் ஒன்னோடு இந்த வருஷம் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிற பிள்ளைகளே: முதல் வாரத்திலேயே அறைத்தோழிக்கும் விடுதிக் காப்பாளருக்கும் வார்டு சிஸ்டருக்கும் சொல்லிவிடுங்கள். லோ ஆனால் எப்படி இருப்பீர்கள், என்ன கொடுக்க வேண்டும் என்று ஒரு முறை காட்டிவிடுங்கள். கோட்டின் இரண்டு பையிலும் குளுக்கோஸ் இருக்கட்டும். ஒன்று தீர்ந்ததை மறந்திருப்பீர்கள். கல்லூரி முதல்வர்களே, துறைத்தலைவர்களே: டியூட்டி அறையில் இன்சுலின் வைக்க ஒரு சின்னக் குளிர்பெட்டி, சாப்பிட ஒழுங்கான இடைவேளை, எழுத்தில் ஓர் அனுமதி. கேட்பது இவ்வளவுதான். அரசுக்கு ஒரு வேண்டுகோள்: 2016 சட்டத்தின் பட்டியலில் டைப் ஒன் நீரிழிவைச் சேருங்கள்.